ஓவியமும் திறந்த பட்டறையும்

ஓவியம் ஒன்றைக் காண்பவர் அதன் முடிந்த நிலையை மட்டுமே காண்கின்றார். முதற்கோடு எங்கே விழுந்தது, எந்தக் கோடு அழிக்கப்பட்டது, எவ்வண்ணத்தின்மேல் எவ்வண்ணம் பூசப்பட்டது என்பனவெல்லாம் முடிந்த படத்துக்குள் மறைந்துவிடுகின்றன. அவற்றை அறிய விரும்புவோர் ஓவியரின் அருகிலிருந்து நெடுங்காலம் பணிசெய்து பழக வேண்டும். ஆசிரியர் மனமுவந்து காட்டியது மாணவருக்குக் கிடைத்தது. காட்டாதது அவரோடு மறைந்தது.

கணிப்பொறியில் ஓவியம் வரையத் தொடங்கிய பின்னர் இந்நிலை மாறியுள்ளது. கணிப்பொறி ஓவியத்தின் கோப்பு, அவ்வோவியம் உருவான வழியையும் பெருமளவு தன்னுள்ளே வைத்திருக்கக் கூடியது. அதைப் பிறருக்குத் திறந்து காட்டுவதா, மூடி வைப்பதா என்பது ஓவியரின் விருப்பம். திறந்து காட்டிய ஓர் ஓவியரின் பணியை முன்வைத்து, அக்கலையின் செய்முறையையும், பகிர்வினால் விளையும் நன்மையையும், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓவியர் டேவிட் ரெவோய்

டேவிட் ரெவோய் ஃபிரான்சு நாட்டு ஓவியர். பிளெண்டர் நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிண்டெல்' என்னும் அசைவூட்டக் குறும்படத்துக்குக் காட்சிகளையும் மாந்தர்களையும் வரைந்து கொடுத்தவர். 2014-ஆம் ஆண்டில் 'பெப்பர் அண்ட் கேரட்' என்னும் சித்திரக்கதைத் தொடரை இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். பெப்பர் என்பவள் மந்திரம் பயிலும் சிறுமி. கேரட் அவளுடைய பூனை. ஹெரேவா என்னும் கற்பனை உலகில் அவ்விருவரும் படும் பாடுகளே கதை.

இத்தொடரை இலவசமாகப் படிக்கலாம் என்பது பெரிய செய்தியன்று. ஒவ்வொரு பக்கத்தின் மூலக்கோப்பையும், வரையப் பயன்பட்ட தூரிகை அமைப்புகளையும், வரையும் முறை பற்றிய பாடங்களையும் அவர் பொதுவில் வைத்துள்ளார் என்பதே சிறப்பு. அவர் வரையும் 'கிருத்தா' என்னும் மென்பொருளும் யாவரும் விலையின்றிப் பெறத்தக்க கட்டற்ற மென்பொருளே. கிருத்தா என்பது சுவீடன் மொழியில் சுண்ணக்கட்டியைக் குறிக்கும் சொல்லாகும். ஆகவே, அவர் வரைந்த பக்கத்தை அவர் பயன்படுத்திய கருவியிலேயே திறந்து, அவர் அமைத்த அடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் வாய்ப்பு எந்நாட்டு மாணவருக்கும் உண்டு.

ஓவியம் உருவாகும் முறை

கணிப்பொறியே படத்தை வரைந்துவிடுகின்றது என்று எண்ணுவோர் இன்றும் பலர். வரைவது கையே. ஓவியர் வரைபலகை ஒன்றின்மேல் மின்பேனாவை ஓட்டுகின்றார். பேனா எங்கே இருக்கின்றது, எவ்வளவு அழுத்தப்படுகின்றது என்பதைப் பலகை உணர்ந்து கணிப்பொறிக்குச் சொல்கின்றது. இன்றைய பேனாக்களுள் சில அழுத்தத்தில் 8,192 நிலைகளைப் பிரித்தறிய வல்லவை. மெல்லத் தொட்டால் மயிரிழைக் கோடும், அழுத்தினால் பட்டையான கோடும் தோன்றுவது இதனாலேயே. கை நடுங்கினால் கோடும் நடுங்கும்.

திரையில் தோன்றும் படம் நுண்ணிய சதுரப் புள்ளிகளால் ஆனது. ஏ4 அளவுத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட வேண்டுமாயின், குறுக்கே 2,480-உம் நெடுக்கே 3,508-உமாக ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் தேவை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகள் எண்களாகக் குறிக்கப்படுகின்றன.

இம்முறையின் உயிர்நாடி அடுக்குகளே. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் படத்தின் ஒரு பகுதியை வரைவதாகக் கொள்க. அடியில் கரட்டுக் கோட்டுப்படம். அதன்மேல் திருத்தமான கோடுகள். வேறோர் அடுக்கில் தட்டை வண்ணம். பின்னர் நிழலும் ஒளியும். ஒன்றைத் திருத்தும்போது மற்றவை கெடுவதில்லை.

அடுக்குகள் கலக்கும் முறையும் அறியத்தக்கது. கோடுகள் உள்ள அடுக்கினை வண்ண அடுக்கின்மேல் 'பெருக்கல்' முறையில் வைப்பர். வெண்மைக்கு ஒன்று, கருமைக்குச் சுழி என மதிப்பிட்டு, மேலுள்ள புள்ளியின் மதிப்பைக் கீழுள்ள புள்ளியின் மதிப்பால் கணிப்பொறி பெருக்குகின்றது. ஒன்றால் பெருக்கினால் எண் மாறாது. எனவே வெள்ளைத்தாள் மறைந்து கீழிருக்கும் வண்ணம் தெரிகின்றது. சுழியால் பெருக்கினால் சுழியே. எனவே கருங்கோடு கருங்கோடாகவே நிற்கின்றது. பள்ளியிற் கற்ற பெருக்கல் வாய்பாடே இங்கு ஓவியக் கலைக்குத் துணைநிற்கின்றது.

செய்முறையைப் பகிர்ந்ததன் பயன்

பகிர்வு பிறருக்கு மட்டுமே பயன் தருவதன்று. கோட்டுப்படத்துக்குத் தட்டை வண்ணம் நிரப்புவது நேரத்தை விழுங்கும் வேலை. கோட்டில் சிறிது இடைவெளி இருந்தாலும் நிரப்பும் வண்ணம் வெளியே வழிந்துவிடும். ஃபிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள கான் நகர ஆய்வாளர்கள் ரெவோயுடன் இணைந்து, கோட்டின் இடைவெளிகளைத் தானே கண்டு மூடி வண்ணம் நிரப்ப உதவும் கணிப்பு முறையொன்றை வகுத்து, 2018-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். தம் தொழிலின் இடர்ப்பாட்டை ஓவியர் மறைக்காது எடுத்துரைத்ததால் ஒரு கருவி பிறந்தது.

உரையாடல் குமிழிகளை அவர் ஓவியத்தோடு கலந்துவிடாமல் தனிக் கோப்பாக வைத்ததும் அத்தகையதே. ஓவியத்தைத் தொடாமல் சொற்களை மட்டும் மாற்றலாம். தன்னார்வலர்களின் உழைப்பால் அத்தொடர் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்துள்ளது. ருஷ்யாவில் இயங்கும் அசைவூட்டக் குழு ஒன்று அதன் ஆறாம் கதையை அசைபடமாக்கியது. இவற்றுள் எதற்கும் ஒப்பந்தம் தேவைப்படவில்லை. படைத்தவரின் பெயரைக் குறிப்பிட்டு, செய்த மாற்றத்தையும் தெரிவித்து, யாரும் படியெடுக்கவும் மாற்றவும் விற்கவும் இசைவளிக்கும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தின்கீழ் அவர் அதனை வெளியிட்டுள்ளார்.

பிழைப்புக்கு வழி

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் ஓவியர் உண்பது எதனை என்னும் வினா எழுவது இயல்பே. வாசகர்கள் தாமே விரும்பி அளிக்கும் தொகையே அவருக்கு ஆதாரம். புதிய கதை ஒன்று வரும்போது புரவலர் பலர் சிறுசிறு தொகை தருகின்றனர். 2016-ஆம் ஆண்டில் ஃபிரான்சின் பெரிய சித்திரக்கதைப் பதிப்பகங்களுள் ஒன்றான க்ளேனா அத்தொடரை நூலாக அச்சிட்டது. உரிமத்தின்படி அதற்குப் பணம் தர வேண்டிய கடப்பாடு இல்லை. எனினும் அப்பதிப்பகமும் புரவலர் வரிசையில் சேர்ந்தது. புலவரைப் புரந்த மன்னர் மரபை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஒரு மன்னர் இருந்த இடத்தில் இப்போது பல நூறு வாசகர்கள் இருக்கின்றனர் என்பதே வேறுபாடு. ஆயினும் இவ்வழி எல்லா ஓவியர்க்கும் கைகூடும் என்று சொல்வதற்கில்லை. நெடுநாள் உழைத்துப் பெற்ற நற்பெயரே இதற்கு முதலீடு.

பகிர்வின் விலை

திறந்த கதவு வழியே வேண்டாதவரும் வருவர். பூனை உருவங்களை விதவிதமாக இணைத்துத் தரும் சிறு நிரல் ஒன்றையும் அவர் பொதுவில் வைத்திருந்தார். 2021-ஆம் ஆண்டில் அவ்வுருவங்களைக் கொண்டு சிலர் 'என்.எஃப்.டி.' என்னும் மின்சொத்துக்களை உண்டாக்கி விற்பனைக்கு வைத்தனர். ரெவோய் தமக்கு அதில் உடன்பாடில்லை என வெளிப்படையாக அறிவித்து, அவற்றை வாங்க வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். உரிமம் கொடுத்தவருக்கும் மனத்தாங்கல் உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

அதனினும் பெரிய கேள்வி பின்னர் எழுந்தது. சொற்களைக் கொடுத்தால் படத்தைத் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் 2022 முதல் பெருகின. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை அவை. அவை தரும் படத்தில் எவரெவர் உழைப்பு கலந்துள்ளது என்பது குறிக்கப்படுவதில்லை. பெயரைச் சொல்லுக என்னும் ஒரே நிபந்தனையோடு கொடுத்தவரின் நிபந்தனையும் அங்கே காற்றில் போகின்றது. இதனால் மனம் நொந்து, இனிப் பகிர்வதே இல்லை என்று முடிவு செய்யும் ஓவியர்களைக் குறைகூற இயலாது.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அவ்வியந்திரங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டவை முடிந்த படங்களையே. முடிந்த படத்தை வெளியிடாத ஓவியர் எவரும் இல்லை. வெளியிடாவிடின் அவர் ஓவியர் என்பதே உலகுக்குத் தெரியாது. மாணவருக்கு வேண்டியது முடிந்த படமன்று. அழிக்கப்பட்ட கோடும், மாற்றப்பட்ட வண்ணமும், அடுக்குகளின் வரிசையும், ஏன் இவ்வாறு செய்தேன் என்னும் விளக்கமுமே அவருக்கு வேண்டியவை. எனவே செய்முறையை மூடி வைப்பதால் இயந்திரத்துக்கு நேரும் இழப்பு சிறிதே. ஆசிரியர் அருகில் இல்லாத ஊரில், பழைய கணிப்பொறி ஒன்றின் முன் அமர்ந்து கற்க முயலும் மாணவருக்கு நேரும் இழப்போ பெரிது.

படைப்பாளியின் பெயரும் உரிமையும் காக்கப்படச் சட்டம் வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பதும் வேண்டும். அக்காவலுக்குப் பட்டறையின் கதவை அடைக்க வேண்டிய தேவை இல்லை. பிறர் திறந்து வைத்த கோப்பிலிருந்து கற்கும் மாணவர், கற்பித்தவரின் பெயரை மறவாமல் குறிப்பிட்டு, தம் செய்முறையையும் ஒருநாள் திறந்து வைப்பாராயின், அதுவே அவர் செலுத்தத்தக்க குருதட்சணையாகும்.