தரிசு என்று எழுதப்பட்ட தெய்வக் காடு

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் 'ஓரண்' என்றால் தெய்வத்துக்கு விட்ட காடு. அங்கே வன்னி மரத்தின் கிளையை ஒடித்தாலும் சாமி குற்றம். ஆனால் ஆடும் ஒட்டகமும் தாராளமாக மேயலாம். மழைநீர் தேங்கும் குட்டைகளும் அதற்குள்தான். பாலைவனத்து மேய்ச்சல்காரர்களின் பிழைப்பே இந்தக் காடுகளை நம்பித்தான் நடக்கிறது.

தேக்ராய் மாதா ஓரண் அப்படி ஒன்று. ஊரார் தலைமுறைகளாகக் காத்துவந்த நிலத்தில் ஒரு பகுதி வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஓரண் என்று ஏறவே இல்லை. ஏறாத நிலம் அரசுக் கணக்கில் தரிசு. தரிசு என்றால் சூரிய மின் நிறுவனத்துக்குக் கொடுப்பது எளிது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சூரிய மின் திட்டங்கள் இல்லை. அதனால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை. ஊருக்குச் சேதி தெரிவதே பொக்லைன் வந்த பிறகுதான் என்ற நிலையை இந்த ஓட்டை உண்டாக்குகிறது.

அடுத்து, இந்தத் திட்டங்களோடு வரும் உயரழுத்த மின்கம்பிகள். கனத்த உடல் கொண்ட கானமயில் என்ற பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. சட்டென்று விலகவும் வராது. கம்பியில் மோதிச் சாகிறது. நாட்டில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு.

சூரிய மின்சாரமே வேண்டாம் என்று ஊரார் சொல்லவில்லை. ஓரணை விட்டுவிட்டு வேறிடத்தில் அமையுங்கள் என்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

சட்டமும் இப்போது அவர்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளுக்காக 1995இல் தொடங்கி, பின்பு நாடெங்குமுள்ள காடுகளுக்கும் விரிந்த கோதவர்மன் வழக்கில், 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: ராஜஸ்தானின் ஓரண்களை நேரிலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து, பரப்பளவு எவ்வளவு சிறிதானாலும் காடு என அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்துவிட்டால், மத்திய அரசின் முன் அனுமதியின்றி அதை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது. 2006 வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமை கோரவும் வழியுண்டு. நாடு முழுக்க இத்தகைய காடுகளைக் கணக்கெடுக்கவும் நீதிமன்றம் பரிந்துரைத்தது. நம் கோயில்காடுகளுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தும்.

ஆகவே உங்கள் ஊர்க் கோயில்காடு பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். தரிசு என்றிருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். வேலை தொடங்கிவிட்டால் தாமதிக்காதீர்கள்: பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகக் கெடு ஆறு மாதம்தான்.