உம்மாவைக் கட்டிலிலிருந்து இறங்க விடு

டீயைக் குடி தம்பி, ஆறிவிடப் போகிறது. நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் உம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மூச்சும் சீராகிவிட்டது என்று தூத்துக்குடியிலிருந்து வந்து சொன்னாயே, கேட்டதும் மனது குளிர்ந்தது. கூடவே, "ஒரு வாரமாக் கட்டிலை விட்டு இறங்கவே விடலை காக்கா, எல்லாம் நாங்களே பாத்துக்கிட்டோம்" என்றாய். பாசத்தில் செய்ததுதான். ஆனால் இனிமேல் அப்படிச் செய்யாதே. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் உன்னைப் போலத்தான் நினைத்தார்கள். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம்கூட அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், படுக்கையில் கிடப்பதே ஆபத்து என்று ஒரு கட்டுரை எழுதினார். 1952இல் அமெரிக்காவில் லெவைன், லோன் என்ற இரண்டு மருத்துவர்கள், மாரடைப்பு நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. நோயாளிகள் நன்றாகவே தேறினார்கள்.

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் திகைப்புதான். நோய் நொடி இல்லாத, இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருட மூப்பு அவர்கள் உடல்திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. 2007இல் வெளியான இன்னொரு ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. உம்மாவோ நோயில் கிடந்தவர், சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவருடைய கால் என்ன பாடுபட்டிருக்கும், யோசித்துப் பார்.

படுத்தே கிடப்பதன் பாதிப்பு காலோடு நிற்பதில்லை. மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பக்கம் சரியாக விரியாது, சளி அங்கேயே தேங்கும். நிமோனியா வந்தவருக்கு அது எவ்வளவு கெடுதல்! கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். மலம் இறுகும். படுக்கைப்புண் வரும். பல நாள் கழித்துத் திடீரென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வயதானவர்கள் பாத்ரூமில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். ராத்திரியில் ஆள் தெரியாமல் ஏதேதோ பேசுகிறார் என்றாயே, அந்தக் குழப்பத்துக்கும் பல காரணங்கள் உண்டு, படுத்தே கிடப்பதும் அதில் ஒன்று. அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடு.

ஸ்பெயினில் பாம்ப்லோனா நகர மருத்துவமனையில் 75 வயது தாண்டிய 370 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பிரிவுக்கு அதோடு காலையும் மாலையும் இருபது நிமிடம் உடற்பயிற்சி, ஐந்திலிருந்து ஏழு நாள் வரை. சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் வீடு திரும்பும்போது, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறன் வந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அது குறையவில்லை, கூடவே செய்தது.

அங்கே பயிற்சி கொடுக்கத் தனியாக ஆள் வேண்டும். நம் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மகளோ பேத்தியோ ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். நோய் விசாரிக்க வருகிறவர்களுக்கும் குறைவில்லை. இது நமக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். ஆனால் அத்தனை கையும் சேர்ந்து உம்மாவுக்குக் கஞ்சியை ஊட்டிவிடுகிறது, முகத்தைத் துடைத்துவிடுகிறது, எழப்போனால் தோளைப் பிடித்துப் படுக்க வைக்கிறது. அந்தக் கைகள் அவரைப் பிடித்து நடத்தட்டும். கஞ்சியை நாற்காலியில் உட்கார்ந்து அவரே குடிக்கட்டும், சிந்தினால் சிந்தட்டும்.

படுத்தபடி சைகையால் தொழுகிறார் என்றாய். முடியாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. உட்கார முடிந்துவிட்டால் உட்கார்ந்துதானே தொழ வேண்டும்? ஒவ்வொரு வக்துக்கும் எழுந்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் இருக்கட்டும். தலை சுற்றவில்லை என்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள எழுந்து நிற்கலாம், ஒளு செய்ய மெதுவாக நடந்து போகலாம். சுபுஹிலிருந்து இஷா வரை ஐந்து முறை எழுந்தாயிற்று. வேறு அட்டவணை எதற்கு?

இதையெல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதே. எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லை. 2015இல் வெளியான, ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி அதிகமாகப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் அளவுக்குத் தேறவில்லை. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். ஆக்சிஜன் ஓடுகிறதென்றால் அவர்களைக் கேட்காமல் குழாயைக் கழற்றக் கூடாது.

இன்று சாயங்காலம் டாக்டர் வரும்போது மூன்று கேள்வி கேள். உம்மா எவ்வளவு தூரம் நடக்கலாம்? பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை வந்து பார்ப்பாரா? மூத்திரக் குழாய் இன்னும் தேவையா? அந்தக் குழாயை எடுத்துவிட்டால் எழுந்து நடப்பது சுலபமாகும். வீட்டிலிருந்து போகும்போது உம்மாவின் கண்ணாடியையும் வழுக்காத செருப்பையும் எடுத்துப் போ. வீட்டுக்கு வந்த பிறகும் நடை சரியாகவில்லை என்றால், அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது அது. நம் சுகாதார நிலையத்தில் நானே விசாரித்து வைக்கிறேன்.