ஆபத்துக் குறைந்த ஒப்பந்தம் யாருக்கு? இளம் தற்காப்பு ஆட்டக்காரரும் அணியின் கணக்கும்

சிரம்பான், பகாவ், கோலாப்பிலா வட்டாரத் தோட்டத் திடலில் ஆடி வளர்ந்த ஓர் இளைஞருக்கு லீக் அணி ஒன்றிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு ஒப்பந்தம். சம்பளம் பெரிதல்ல. ஆனாலும் வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அணி நிர்வாகம் அதே ஒப்பந்தத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. பையன் சரியாக ஆடினால் லாபம், ஆடாவிட்டால் பெரிய நட்டமில்லை. இதைத்தான் காற்பந்து உலகில் 'ஆபத்துக் குறைந்த ஒப்பந்தம்' என்கிறார்கள். அணிக்கு ஆபத்துக் குறைவு என்பது சரி. கையெழுத்துப் போடும் பையனுக்கும் அப்படித்தானா என்பதைத் தோட்டத்துப் பெற்றோரும் இளைஞர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் பக்கத் தற்காப்பு?

அணிகள் பொதுவாகப் பெரிய பணத்தைக் கோல் போடுபவருக்கும், மத்திய திடலை ஆள்பவருக்கும், நடுத் தற்காப்புக்கும்தான் செலவிடுகின்றன. இறக்குமதி ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் அந்த இடங்களுக்கே வருகிறார்கள். இடது, வலது பக்கத் தற்காப்பு உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு மிஞ்சுகிறது. அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் அணிக்குள் நுழைய இது நல்ல வாசல்.

இதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2009இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற நெகிரி செம்பிலான் அணியில் பக்கவாட்டில் பறந்து தாக்கியவர் எஸ். குணாளன். 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்ற தேசிய அணியிலும் அவர் இருந்தார். பின்னர் ஜொகூர் டாருல் தாக்சிமில் வலது பக்கத் தற்காப்பிலும் ஆடினார். முன்னால் ஓடிய கால்களைப் பின்னாலும் பயன்படுத்த முடிந்ததால் அவருடைய ஆட்ட வாழ்வு நீண்டது.

உலக அளவில் ஆண்ட்ரூ ராபர்ட்சனைச் சொல்லலாம். சிறுவயதில் செல்டிக் அணி அவரைக் கழித்துவிட்டது. சம்பளமில்லாத குவீன்ஸ் பார்க் அணியில் ஆடி, பிறகு டண்டி யுனைடெட், ஹல் சிட்டி என்று படிப்படியாக ஏறினார். 2017இல் லிவர்பூல் அவரை 80 லட்சம் பவுனுக்கு வாங்கியது. அந்தச் சந்தையில் அது சிறிய தொகைதான். 2019இல் அவர் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தைத் தூக்கினார்.

எதைப் பார்க்க வேண்டும்?

இப்படிப்பட்ட ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்க அணிகள் எதைப் பார்க்கின்றன? முதலில், எத்தனை ஆட்டங்களை அவர் முழுதாக ஆடி முடித்தார் என்பது. பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியவர். தொடைத்தசைக் காயம் திரும்பத் திரும்ப வருபவர் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்தாலும் அணிக்கு அவர் மலிவல்ல. பாதிப் பருவம் அவருடைய இடத்தில் ஆட இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பந்தைப் பறித்த எண்ணிக்கை. இது ஏமாற்றக்கூடியது. பலவீனமான அணியில் பந்து எப்போதும் எதிரியிடம்தான் இருக்கும், அதனால் தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பறிக்கும் வாய்ப்பும் அதிகம். எதிரியை உள்ளே விடாமல் கோட்டோரமாகத் தள்ளி, பந்தைப் பின்னால் திருப்ப வைப்பவரே கெட்டிக்காரர். அந்த வேலை எந்த எண்ணிக்கையிலும் ஏறாது.

மூன்றாவது, பந்து எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பது. இடது ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வரும்போது வலது தற்காப்பாளர் உள்ளே நெருங்கி நிற்க வேண்டும். தன் முதுகுக்குப் பின்னால் யார் ஓடி வருகிறார் என்று திரும்பியும் பார்க்க வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பவரின் பின்னால்தான் கோல் விழும். காணொளித் தொகுப்பில் இது தெரியாது. அதில் நல்ல காட்சிகள் மட்டுமே இருக்கும். திடலோரம் நின்று, 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு, மழையில் திடல் நனைந்திருக்கும்போது பார்த்தால் உண்மை புரியும்.

நான்காவது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஆடும் திறன். இடது காலால் நன்றாக ஆடுபவருக்கு எங்கும் தேவை இருக்கிறது, ஏனெனில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

பெரிய பெயர்கள்தான் வேண்டும் என்பதில்லை என்பதையும் நெகிரி காட்டியிருக்கிறது. 2021இல் பிரிமியர் லீக்கை வென்று மேலேறிய நெகிரி செம்பிலான், கே. தேவன் பயிற்சியில் 2022 சூப்பர் லீக்கில் நான்காம் இடத்தைப் பிடித்தது. அவரவர் வேலையைச் சரியாகச் செய்யும் ஆட்டக்காரர்கள் இருந்தால் புதிதாக ஏறிவந்த அணியும் நிற்கும்.

ஆபத்து எங்கே போகிறது?

அணிக்கு ஆபத்தைக் குறைக்கும் வழிகள் மூன்று: குறைந்த சம்பளம், குறுகிய காலம், நீட்டிக்கும் உரிமை. மூன்றும் ஆபத்தை ஒழிப்பதில்லை, ஆட்டக்காரர் பக்கம் நகர்த்துகின்றன. ஓராண்டு முடிவில் காலில் காயம் என்றால் அணி அடுத்தவரைத் தேடும். பையன் வீடு திரும்புவான். படிப்பையும் வேலையையும் விட்டு வந்திருந்தால் இழப்பு இரட்டிப்பு. மலேசியக் காற்பந்தில் சில அணிகள் சம்பளத்தை மாதக்கணக்கில் பாக்கி வைத்ததும், லீக்கிலிருந்தே விலகியதும் நாம் பார்த்ததுதான்.

ஆகவே, அணி பையனை அளப்பதுபோல் குடும்பமும் அணியை அளக்க வேண்டும். கடந்த பருவத்தில் சம்பளம் நேரத்துக்கு வந்ததா என்று அங்கு ஆடியவர்களிடம் கேட்கலாம். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை அணிக்கு மட்டுமா, இருவருக்குமா? காயமடைந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? இபிஎஃப், சொக்சோ பற்றி எழுதியிருக்கிறதா? தங்கும் இடம் யார் பொறுப்பு? இவற்றுக்கெல்லாம் பதில் வாய்வார்த்தையாக இல்லாமல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

ஃபிஃபா விதிகளில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக் கூடாது, பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், ஆட்டக்காரர் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து 15 நாள் அவகாசம் தரலாம். அதற்குள்ளும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இதில் உதவி தேவைப்பட்டால் மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கத்தை நாடலாம்.

ஒப்பந்தம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாத வரி இருந்தால், தோட்டத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்பதில் வெட்கமில்லை. கையெழுத்துப் போட்டதும் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடும் ஆண்டுகளில் எஸ்பிஎம் தேர்வையோ ஒரு கைத்தொழில் பயிற்சியையோ முடித்து வைத்தால், பருவ முடிவில் அணி வேண்டாம் என்று சொன்னாலும் பையன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதில்லை.