தாளம் மாறினால் ஆட்டம் மாறுமா?

எகிப்து நாட்டில் ஒரு நடன ராணி இருந்தார். பெயர், தஹியா கரியோக்கா.

"தஹியா" என்பது அரபுப் பெயர். அப்படியானால் "கரியோக்கா"?

அது அரபுச் சொல் அல்ல. தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டுச் சொல். ரியோ டி ஜெனிரோ நகரத்துக்காரர்களை அந்த நாட்டில் அப்படித்தான் அழைப்பார்கள். நாம் "மதுரைக்காரர்" என்று சொல்வதுபோல.

கெய்ரோவில் ஆடிய பெண்ணுக்குக் கடல் கடந்த ஊரின் பெயர் எப்படி வந்தது?

1933-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சினிமாப் படம் வந்தது. பிரேசில் நாட்டில் நடப்பதுபோன்ற கதை. அதில் "கரியோக்கா" என்று ஒரு பாட்டு. பிரெட் அஸ்டேரும், ஜிஞ்சர் ரோஜர்சும் அதற்கு ஜோடியாக ஆடினார்கள். உலகம் முழுவதும் அந்த ஆட்டம் பிரபலமாகிவிட்டது. எகிப்துக்கும் வந்தது.

கெய்ரோவில் இளம் பெண்ணாக இருந்த தஹியா அந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மேடையில் ஆடினார். ஜனங்கள் கைதட்டினார்கள். ஆட்டத்தின் பெயரே ஆட்டக்காரியின் பெயராகிவிட்டது!

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பாட்டுக்கு இசை அமைத்தவர் பிரேசில்காரர் அல்ல. வின்சென்ட் யூமன்ஸ் என்ற அமெரிக்கர். அமெரிக்கர் செய்த பிரேசில் பாட்டு, எகிப்துக்காரிக்குப் பட்டப் பெயர்!

இடுப்பு நடனம்

தஹியா ஆடியது என்ன நடனம்? அரபு மொழியில் அதற்கு "ரக்ஸ் ஷர்க்கி" என்று பெயர். "கீழை நாட்டு நடனம்" என்று பொருள். வெள்ளைக்காரர்கள்தான் அதை "பெல்லி டான்ஸ்", அதாவது "வயிற்று நடனம்" ஆக்கினார்கள். உண்மையில் இடுப்புக்குத்தான் அதில் அதிக வேலை.

1893-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே "கெய்ரோ வீதி" என்று ஒரு வீதியே அமைத்து, இந்த ஆட்டத்தைக் காட்டினார்கள். கேளிக்கைப் பகுதியைக் கவனித்துக்கொண்டவர் சோல் புளூம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் பியானோவில் திடீரென்று ஒரு மெட்டை வாசித்தாராம். பாம்பாட்டி வந்தால் அமெரிக்க சினிமாவில் ஒரு மெட்டு வருமே, அந்த மெட்டுதான்! எகிப்து என்றதும் அமெரிக்காவில் அதுதான் பலர் நினைவுக்கு வருகிறது.

ஆக, இந்த நடனத்துக்குச் சம்பந்தம் இல்லாத இசையைச் சேர்ப்பது புதிய பழக்கம் அல்ல. அதைத் தெரிந்து செய்கிறோமா, தெரியாமல் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

டும்! டெக்!

பழக்கமான இசை எது? முதலில் மேளம். எகிப்தில் அதைத் "தபலா" என்பார்கள். வடநாட்டுத் தபலா அல்ல. குடுவைபோல இருக்கும். ஒரு பக்கம்தான் தோல். நடுவில் அடித்தால் "டும்". ஓரத்தில் அடித்தால் "டெக்".

அதோடு புல்லாங்குழல்போன்ற "நய்". மடியில் வைத்து மீட்டும் "கானூன்". வீணைக்கு உறவுக்காரனான "ஊது". பிறகு வயலின்கள். ஆடுகிறவர் விரல்களில் சின்னஞ்சிறு தாளங்கள்.

அடிக்கடி வரும் தாளம் "மக்சூம்". மேஜைமேல் தட்டிப் பாருங்கள்:

டும் டெக் — டெக் டும் — டெக் —

கோடு வரும் இடத்தில் கை சும்மா இருக்க வேண்டும். மொத்தம் 8 எண்ணிக்கை. அடி மட்டும் 5.

இப்போது மூன்றாவது அடியை மட்டும் மாற்றுங்கள்:

டும் டெக் — டும் டும் — டெக் —

இது "சயீதி". எகிப்தின் தென் பகுதி மக்களின் தாளம். கையில் கம்பு பிடித்து ஆடுவார்கள். ஒரே ஓர் அடிதான் மாறியது. ஆட்டமே மாறிவிட்டது!

(இதை எழுதுகிற எனக்கு ஆடத் தெரியாது. ஆனால் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்ததில், அடுத்த நாற்காலிக்காரர் எழுந்து போய்விட்டார்.)

ஏன் வேறு இசை?

இவ்வளவு நல்ல தாளங்கள் இருக்கும்போது, பயிற்சிக்கு வேறு இசை எதற்கு?

காரணம் இருக்கிறது.

தினமும் ஒரே பாட்டை வைத்துப் பழகினால், காது தூங்கிவிடும். "டும்" வந்தால் இடுப்பு இறங்கும். "டெக்" வந்தால் ஏறும். மனம் எங்கேயோ இருக்கும். உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும்.

ஒருநாள் மேடையில் உண்மையான வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேளக்காரர் உற்சாகத்தில் ஓர் அடியைத் தள்ளிப் போடுவார். அவ்வளவுதான். ஆடுகிறவர் தடுமாறிவிடுவார்!

ஆகவேதான், தெரியாத இசையைப் போட்டுப் பழகச் சொல்கிறார்கள். காது விழித்துக்கொள்ளும். அடுத்து என்ன வரும் என்று உடம்பு கேட்கத் தொடங்கும்.

எந்த இசை? மேல்நாட்டு "வால்ட்ஸ்" இசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாக எண்ண வேண்டும். எகிப்து ஆட்டத்தில் பெரும்பாலும் நான்கு நான்காகப் போகும். நான்கு அடி வைத்தால், ஒவ்வொரு முறையும் வலது காலில்தான் தொடங்குவீர்கள். மூன்று அடி வைத்தால்? வலது, இடது, வலது. அடுத்தது இடது காலில் தொடங்கியாக வேண்டும்! இதுவரை சோம்பி இருந்த இடது இடுப்புக்கு வேலை வந்துவிடும்.

இன்னும் சிரமம் வேண்டுமா? 1959-ம் ஆண்டில் அமெரிக்காவின் டேவ் புரூபெக் குழுவினர் "டேக் பைவ்" என்று ஓர் இசைத்தட்டு கொடுத்தார்கள். சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் அமைத்த இசை. அது ஐந்து ஐந்தாக ஓடும். ஒன்பது எண்ணிக்கைக்கு அமெரிக்காவரை போக வேண்டாம். துருக்கியில் "கர்ஷிலமா" என்ற ஆட்டம் ஒன்பதில்தான் நடக்கிறது. இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் மூன்று.

மேளமே இல்லாத பியானோ இசையும் நல்லது. அது மெதுவாகப் போகும்போது முழங்காலைச் சிறிது சிறிதாக அசைத்து, இடுப்பை நடுங்கவிட வேண்டும். நடுக்கம் வேகமாக இருக்கும். கைகளோ இசையோடு சேர்ந்து மெதுவாகப் போக வேண்டும். ஓர் உடம்பில் இரண்டு வேகம்! கேட்க எளிது. செய்து பார்த்தால் தெரியும். கை வேகமாகிவிடும், அல்லது நடுக்கம் நின்றுவிடும். நிமிடத்துக்கு 60 அடி உள்ள இசையில் தொடங்கலாம். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் ஓடும் வேகம் அது.

முதலில் உட்காருங்கள்

புதிய இசை கிடைத்ததும் எழுந்து ஆடிவிடக் கூடாது. உட்கார்ந்து கேட்க வேண்டும். கனமான அடி எங்கே விழுகிறது? பாட்டு எங்கே மூச்சு விடுகிறது? எந்த வாத்தியம் முன்னால் வருகிறது?

வாத்தியத்துக்கு ஏற்ற அங்கம் உண்டு என்பது கற்றுக்கொடுப்பவர்களின் கணக்கு. மேளம் என்றால் இடுப்பு. நய், வயலின் என்றால் கைகளும், உடம்பின் வளைவும். கானூன் நரம்புகள் படபடவென்று அதிர்ந்தால், அங்கே நடுக்கம். வேற்று நாட்டு இசையிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கிட்டார் அதிர்ந்தால் என்ன செய்யலாம்? ஊதுகுழல் இழுத்தால் என்ன செய்யலாம்?

"இதெல்லாம் எகிப்து வாத்தியமா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். அக்கார்டியன் ஐரோப்பாவில் பிறந்தது. துருத்தி வைத்த பெட்டி. அரபு இசையில் கால் சுரம் உண்டு. அக்கார்டியனில் கிடையாது. எகிப்துக்காரர்கள் விட்டார்களா? பெட்டியைப் பிரித்து, உள்ளே சுருதியைத் திருத்தி, கால் சுரம் பேச வைத்துவிட்டார்கள்! கெய்ரோவின் இடுப்பு நடனத்தில் இன்று அக்கார்டியன் சொந்தப் பிள்ளை.

இதற்கெல்லாம் வழி திறந்தவர் படீயா மசாப்னி என்ற பெண்மணி. 1926-ம் ஆண்டில் கெய்ரோவில் ஆட்டம் பாட்டு அரங்கு ஒன்றைத் தொடங்கினார். கல்யாண வீட்டிலும், தெருவிலும் நடந்த ஆட்டம் பெரிய மேடைக்கு வந்தது. மேல்நாட்டு வாத்தியங்களும் சேர்ந்தன. தஹியா அங்கே ஆடியவர்தான். சாமியா கமாலும் அங்கிருந்து வந்தவர்தான்.

அந்தப் பாட்டுக்கா ஆட்டம்?

இசை மாறியபோது பெரிய சங்கடம் வந்த கதை ஒன்று உண்டு.

உம் குல்தூம் என்ற பாடகியின் பெயரைக் கேட்டால், அரபு நாடுகளில் கிழவர்களும் கண் கலங்குவார்கள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு, ரேடியோவில் அவர் கச்சேரி. பல ஆண்டுகள் இப்படி நடந்தது. ஒரு பாட்டு ஒரு மணி நேரம்கூடப் போகும். 1975-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் இறந்தபோது, கெய்ரோவில் லட்சக்கணக்கான மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

அவர் பாட்டை உட்கார்ந்துதான் கேட்பார்கள். அதற்கு இடுப்பை ஆட்டுவதா? யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சுகைர் ஜாக்கி நினைத்துப் பார்த்தார். உம் குல்தூம் பாட்டுக்கு மேடையில் ஆடிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். ஜனங்கள் கோபித்துக்கொண்டால் அவர் பிழைப்பே போய்விடும். பாடகிக்கே பிடிக்காவிட்டால், கெய்ரோவில் வேறு யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

உம் குல்தூமுக்கு முதலில் பிடிக்கவில்லை என்றும், ஆட்டத்தைப் பார்த்த பிறகு மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். மனம் மாறியதற்குக் காரணம் ஆட்டத்தைப் பார்த்தாலே புரியும். சுகைர் குதிக்கவில்லை. ஓடவில்லை. பாட்டு சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தைகூட உடம்பு சொல்லவில்லை. பாட்டின் கௌரவம் அப்படியே இருந்தது.

1964-ம் ஆண்டில் உம் குல்தூம் பாடிய "எந்தா ஒம்ரி" என்ற பாட்டே ஒரு புதுமைதான். அப்துல் வஹாப் இசை அமைத்தார். அதில் மின்சார கிட்டாரைச் சேர்த்தார். அதே அப்துல் வஹாப் 1976-ம் ஆண்டில், நஜ்வா புவாத் என்ற நடனமணி ஆடுவதற்கென்றே தனி இசை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். பெயர், "பதினான்காம் நாள் நிலா". பாடகிகளுக்கு இசை அமைத்த மேதை, ஆடுகிற பெண்ணுக்காக உட்கார்ந்து எழுதினார்! இன்று உலகம் முழுவதும் இடுப்பு நடனக்காரர்கள் "எந்தா ஒம்ரி"க்கு ஆடுகிறார்கள்.

பாட்டின் பொருள் தெரியுமா?

ஒரு எச்சரிக்கை. அரபு மொழி தெரியாதவர்கள் மெட்டு இனிமையாக இருக்கிறது என்று ஆடிவிடுகிறார்கள். அது இறைவனை வேண்டும் பாட்டாக இருக்கலாம். இறந்தவருக்கு அழும் பாட்டாகவும் இருக்கலாம். சபையில் ஓர் அரபுக்காரர் இருந்தால் போதும், முகம் சுருங்கிவிடும். நம் வீட்டு ஒப்பாரிக்கு வேறு நாட்டார் சிரித்துக்கொண்டே ஆடினால் நமக்கு எப்படி இருக்கும்? பயிற்சிக்கே ஆனாலும் பொருளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் இந்தக் கலை வேறு வழியில் போனது. கலிபோர்னியாவில் ஜமீலா சலிம்பூர் 1968-ம் ஆண்டில் "பால் அனாத்" என்ற குழுவைத் தொடங்கினார். 1987-ம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கரோலினா நெரிச்சியோ வேறு ஒரு குழு அமைத்தார். அவர் வழியில் பெண்கள் கூட்டமாக, ஒருவர் சைகையைப் பார்த்து மற்றவர் ஆடுவார்கள். பிறகு வந்தவர்கள் இன்னும் துணிந்துவிட்டார்கள். 2007-ம் ஆண்டில் ஓக்லந்தில் "பீட்ஸ் ஆன்டீக்" என்ற இசைக்குழு பிறந்தது. மின்சார ஓசையும் கீழை நாட்டு மெட்டும் கலந்த இசை. குழுவில் ஒருவரான ஜோ ஜேக்ஸ் இடுப்பு நடனக்காரி.

"இது எங்கள் நடனமே இல்லை" என்று எகிப்தில் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பயிற்சி அறையில் ஜாஸ் வரட்டும், பியானோ வரட்டும். அதனால் காது கூர்மையாகிறது. ஆனால் அப்புறம் தபலாவிடம் திரும்பி வராவிட்டால், உடுப்பு மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேளக்காரருக்கும் பிழைப்பு வேண்டும். இசைப்பெட்டியைத் தட்டினால் பாட்டு வரும் காலம் வந்த பிறகு, பெரிய வாத்தியக் குழுக்களை வைத்து ஆடும் இடங்கள் கெய்ரோவிலேயே குறைந்துவிட்டன.

தஹியாவை விட்டுவிட்டோமே! அவர் பிரேசில் ஆட்டத்தோடு நின்றுவிடவில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, எகிப்து ஆட்டத்தில் பெரும் புகழ் பெற்றார். எட்வர்ட் சயீத் என்ற பேராசிரியர், பள்ளி மாணவனாக இருந்தபோது கெய்ரோவில் அவர் ஆட்டத்தைப் பார்த்தார். அது 1950-ம் ஆண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் நினைவில் நின்றது வேகமோ, சுழற்சியோ அல்ல. மேடையில் தஹியா அதிகம் நகரவே இல்லை என்பதுதான்.

தஹியா கரியோக்கா 1999-ம் ஆண்டில் கெய்ரோவில் காலமானார்.