மூன்றாம் படி – 9: கண்டெய்னர் சந்தையின் அணி

ஆசியக் கிளப் கால்பந்தின் மூன்றாம் படியான ஏ.எஃப்.சி. பிரெசிடென்ட்ஸ் கோப்பை, 2005-ல் காத்மாண்டு தசரத் அரங்கில் முதன்முறையாக நடந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். எட்டு அணிகள், ஒரே ஊர். இறுதியில் தஜிகிஸ்தானின் ரேகர்-தடாஸ் 3-0 என்று கிர்கிஸ்தானின் டோர்டோய்-டினமோவை வென்றது. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது போதும்.

எட்டு அணிப் போட்டி 2008-ல் பதினோரு அணிப் போட்டியானதையும், ஒரே ஊரில் நடத்தியதை மூன்று இடங்களுக்குப் பிரித்ததையும் இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். குறிப்புகள் எல்லாம் தயார். ஆனால் அன்று தோற்ற டோர்டோய் யாருடைய அணி என்று தேடப் போனதும் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

முதலில் இந்தக் கோப்பையின் இறுதிப்போட்டிகளை வரிசையாகப் பாருங்கள். 2005-ல் டோர்டோய் தோல்வி. 2006-ல் மலேசியாவின் கூச்சிங்கில், கூடுதல் நேரத்தில் தஜிகிஸ்தானின் வாக்ஷ் அணியை 2-1 என வென்று கோப்பை. 2007-ல் லாகூரில் நேபாளத்தின் மகேந்திரா போலீஸ் கிளப்பை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் கோப்பை. 2008-ல் பிஷ்கெக்கில், சொந்த ரசிகர்கள் முன்னால், ரேகரிடம் பெனால்டியில் தோல்வி. 2009-ல் தஜிகிஸ்தானுக்கே போய் ரேகரிடம் 0-2. 2010-ல் யாங்கோனில் மியான்மரின் யதனார்பொன்னிடம் கூடுதல் நேரத்தில் 0-1. போட்டி தொடங்கியதிலிருந்து ஆறு ஆண்டும் ஆறு இறுதி. இந்தக் கோப்பையே பத்து முறைதான் நடந்தது.

வளரும் நாடுகளின் கிளப்புகளில் இப்படி ஒரு தொடர்ச்சி சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஓர் ஆண்டு சம்பளம் வந்தால் மறு ஆண்டு வராது. நல்ல ஆட்டக்காரன் கஜகஸ்தானுக்கோ ரஷ்யாவுக்கோ போய்விடுவான். தலைவர் மாறினால் அணியே கலையும். கிர்கிஸ்தானில் 2000 முதல் 2002 வரை மூன்று முறை லீக்கை வென்றது எஸ்.கே.ஏ.-பி.வி.ஓ. என்ற ராணுவ அணி. அதற்குப் பிறகு 2004 முதல் 2009 வரை ஆறு பட்டமும் டோர்டோய்க்கு. உள்நாட்டில் பட்டம் வென்றால்தான் மறு ஆண்டு இந்தக் கோப்பைக்குள் நுழைய முடியும். ஆறு இறுதிக்குப் பின்னால் ஆறு லீக் பட்டம் நிற்கிறது.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? சந்தையிலிருந்து.

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கின் வட விளிம்பில் இருக்கிறது டோர்டோய் சந்தை. ஆசியாவின் மிகப் பெரிய மொத்த வியாபாரச் சந்தைகளில் ஒன்று. கட்டடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது; முழுக்க முழுக்கக் கப்பலிலும் ரயிலிலும் சரக்கு ஏற்றும் இரும்புக் கண்டெய்னர்கள்தான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டிரண்டு. கீழ்ப்பெட்டி கடை, மேல்பெட்டி கிடங்கு. காலையில் கீழ்ப்பெட்டியின் இரட்டைக் கதவைத் திறந்து, கதவின் உள்பக்கத்திலேயே ஜீன்ஸும் குழந்தைச் சட்டையும் தொங்கவிட்டால் கடை தயார். சரக்கு தீர்ந்தால் ஏணி வைத்து மேலே ஏறி அடுத்த மூட்டையை இறக்க வேண்டியதுதான். இப்படி ஆயிரக்கணக்கான பெட்டிகள் வரிசை கட்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீள்கின்றன. வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்துகளுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பெயர் ஐரோப்பா, இன்னொன்றுக்குச் சீனா. சுற்றிலும் இரும்பு, வெளியே உறைபனி. குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் நின்று வியாபாரம் பார்ப்பது லேசான காரியம் இல்லை. அதைச் செய்பவர்களில் பெண்கள் ஏராளம்.

சோவியத் ஒன்றியம் உடைந்த மறு ஆண்டு, 1992-ல் பிறந்தது இந்தச் சந்தை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள், பொறியாளர்கள், செவிலியர்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு சீனாவின் உரும்சிக்கும் காஷ்கருக்கும் போய்ச் சரக்கு வாங்கி வந்து விற்றார்கள். அந்தப் பை வியாபாரம் பெருகி லாரி வியாபாரம் ஆனது. 1998 டிசம்பரில் கிர்கிஸ்தான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. முன்னாள் சோவியத் நாடுகளில் முதலில் சேர்ந்தது அதுதான். சுங்க வரி குறைவு என்பதால் சீனச் சரக்கு இங்கே இறங்கி, கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ரஷ்யாவுக்கும் மறு ஏற்றுமதி ஆனது. சைபீரியாவில் ஒருவர் போட்டிருக்கும் சட்டை டோர்டோயில் கைமாறியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல பத்தாயிரம் குடும்பங்களுக்கு இதுதான் சோறு.

இந்தச் சந்தையை உருவாக்கிய டோர்டோய் நிறுவனத்தின் தலைவர் அஸ்கர் சலிம்பெகோவ், மலைப்பகுதியான நரின் மாகாணத்துக்காரர். 1997-ல் கிளப்பைத் தொடங்கியதும் தலைநகரில் அல்ல, நரினில்தான்.

நரின் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில், நரின் ஆற்றங்கரையில் ஒடுங்கிக் கிடக்கும் சிறு நகரம். கீழே கராதாரியாவோடு சேர்ந்து சிர்தாரியா ஆகும் ஆறு அது. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர் அங்கே சர்வசாதாரணம். இந்த நகரத்து வழியாகத்தான் காஷ்கரிலிருந்து பிஷ்கெக்குக்குச் சாலை போகிறது. 3,752 மீட்டர் உயரத்தில் தோருகார்ட் கணவாய்; அதைத் தாண்டி இறங்கும் சரக்கு லாரி நரினைத் தொட்டுத்தான் தலைநகருக்குப் போக வேண்டும். சந்தைக்குச் சரக்கு போகும் அதே பாதையில் கிளப் பிறந்திருக்கிறது! இது தெரிந்த பிறகு கூச்சிங் இறுதிப்போட்டியை வேறு கண்ணோடு பார்க்கிறேன். நரினின் பெயரைத் தாங்கிய அணி, நிலநடுக்கோட்டை ஒட்டிய சரவாக்கின் புழுக்கத்தில், தொண்ணூறு நிமிடத்துக்கு மேலும் ஓடி வென்றிருக்கிறது.

சோவியத் காலத்தில் அணி நடத்துவது அரசின் பொறுப்பு. ராணுவம், போலீஸ், ரயில்வே, தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்று அணியைத் தாங்கும். அரசிடம் காசு தீர்ந்ததும் அந்தத் தாங்கல் போயிற்று. தலைநகரின் பழம்பெரும் அணியான அல்காவே தள்ளாடியது. அந்த வெற்றிடத்தில்தான் புதிய புரவலர்கள் வந்தார்கள். கான்ட் நகரின் அப்திஷ்-அதா அணிக்குப் பின்னால் அதே பெயரில் ஒரு பீர் ஆலை. கோச்கோர்-அதாவின் நெஃப்ட்சிக்குப் பின்னால் எண்ணெய்க் கிணறுகள். டோர்டோய்க்குச் சந்தை. உழைப்பவர்கள் வாடகையாகக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி பந்து உதைக்கப் போயிருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் கால்பந்து முழுவதுமாகச் சரிந்து போகாமல் பிடித்து நிறுத்திய பணம் அது.

எதிரில் நின்ற ரேகர்-தடாஸின் கதை இதைவிடக் கனமானது. தடாஸ் என்பது தஜிக் அலுமினிய ஆலை. 1975-ல் உற்பத்தி தொடங்கிய, மத்திய ஆசியாவின் மிகப் பெரிய அலுமினிய ஆலை. அது நிற்கும் துர்சுன்ஸோதா நகரத்தின் பழைய பெயர் ரேகர். அலுமினியத்துக்கான மூலப்பொருள் தஜிகிஸ்தானில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அங்கே இருப்பது தண்ணீர். முந்நூறு மீட்டர் உயர நூரெக் அணையின் மின்சாரத்தை நம்பித்தான் ஆலையை அங்கே கட்டினார்கள். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அந்த ஒரே ஆலை விழுங்கி வந்தது. 2007-08 குளிர்காலத்தில் தஜிகிஸ்தான் கடும் மின் பஞ்சத்தில் உறைந்தது. வீடுகளில் வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. அந்த ஆண்டும் மறு ஆண்டும் கோப்பையை வென்றது அந்த ஆலையின் அணி. இதை எப்படி எடுத்துக்கொள்வது? வெற்றியின் மீது பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஓடியவர்களும் அந்த இருட்டிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் கோல் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு நகரவும் முடியவில்லை.

முதல் ஆறு இறுதியில் நான்கு, கிர்கிஸ்-தஜிக் மோதல்கள். அண்டை நாடுகள் இரண்டும் பின்னாளில், 2021-லும் 2022-லும், எல்லையில் துப்பாக்கியோடு மோதிக்கொண்டன. 2025 மார்ச்சில்தான் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நாடுகளின் அணிகள் ஆண்டுதோறும் பந்தை வைத்து மோதிக்கொள்ள ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஓர் இடம் அமைத்துக் கொடுத்தது என்பதே பெரிய காரியம். கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை இருந்தவர் பீட்டர் வேலப்பன், இந்திய வம்சாவளி மலேசியர். அவரது கடைசிக் கட்டத்தில் பிறந்தது இந்த மூன்றாம் படி. இந்தியாவுக்கு இதில் இடம் இல்லை. நம் கிளப்புகள் ஒரு படி மேலே ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடின. நம் செய்தித்தாள்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கை ஆடியது. ரட்னம் விளையாட்டுக் கழகம் என்ற தமிழ்ப் பெயரோடு ஓர் அணி கொழும்பிலிருந்து இந்தக் கோப்பைக்கு வந்தது. அதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

2010-க்கு வருகிறேன். அந்த ஏப்ரலில் கிர்கிஸ்தானில் ஆட்சி கவிழ்ந்தது. கஜகஸ்தான் எல்லையை மூடியது. டோர்டோயில் சரக்கு தேங்கியது. ஜூனில் ஓஷ் பகுதியில் இன மோதல். ரஷ்யா, கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றும் சேர்ந்து பொதுச் சுங்க வரிக்குள் போனதும் அதே ஆண்டு. சந்தையின் ஆதாயமே அந்த வரி வித்தியாசத்தில்தான் இருந்தது. அப்படிப்பட்ட ஓர் ஆண்டில்தான் டோர்டோய் யாங்கோன் வரை போய் ஒரே கோலில் தோற்றது. உள்நாட்டு லீக்கும் அந்த முறை நெஃப்ட்சிக்குப் போனது. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சாதிக்கவில்லை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதன் பிறகும் டோர்டோய் இந்தக் கோப்பையில் ஆடியது. இறுதிக்கு மட்டும் வரவில்லை.

ஆனால் போட்ட விதை வீண்போகவில்லை. 2019 ஆசியக் கோப்பைக்கு கிர்கிஸ்தான் முதன்முறையாகத் தகுதி பெற்றது. பிலிப்பைன்ஸை 3-1 என வென்று நாக்-அவுட் சுற்றுக்குப் போனது. அங்கே போட்டியை நடத்திய ஐக்கிய அரபு அமீரகத்தை இரண்டு முறை சமன் செய்து, கூடுதல் நேரத்தில்தான் 3-2 என வீழ்ந்தது. அந்த ஆட்டத்தில் முதல் சமன் கோலை அடித்த மிர்லான் முர்சாயெவ் டோர்டோய்க்கு ஆடியவர். தஜிகிஸ்தானும் தன் முதல் ஆசியக் கோப்பையிலேயே, 2024 ஜனவரி-பிப்ரவரியில், காலிறுதி வரை போனது. மூன்றாம் படியில் நின்று ஆடிப் பழகிய நாடுகள் இவை.

பதினோரு அணிகளும் மூன்று பிரிவுகளும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. கூடவே இரண்டு அணிகள் வரும். ஒன்று, 2012-ல் துஷான்பே இறுதிவரை வந்த பாலஸ்தீனத்தின் மர்கஸ் ஷபாப் அல்-அமாரி. ரமல்லா அருகே உள்ள அகதி முகாமின் அணி. இன்னொன்று, 2013-ல் மலாக்காவில் துர்க்மெனிஸ்தானின் பால்கனிடம் ஒரே கோலில் கோப்பையை இழந்த பாகிஸ்தானின் கே.ஆர்.எல். அது கான் ஆராய்ச்சிக்கூடங்களின் அணி. கஹூட்டாவில் யுரேனியம் செறிவூட்டும் அதே கூடங்கள்தான்.

(தொடரும்)