மலையக வீடுகளுக்கு லாமினேட் தரையும் தக்கைத் தரையும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதாலும், ஆண்டின் தொடக்க மாதங்களில் சில விடியல்களில் உறைபனியும் படிவதாலும், சீமெந்துத் தரை வெறுங்காலுக்குக் குளிர்ந்தே கிடக்கிறது. லயன் காம்பராக்களில் சாணம் மெழுகிய மண் தரையின் இடத்தைப் பிடித்தது இந்தச் சீமெந்துதான். தோட்டங்களில் தனி வீடுகள் எழும் இக்காலத்தில், அதன்மேல் வெதுவெதுப்பான தளம் ஒன்றை விரிக்கும் விருப்பம் எழுவது இயல்பே.

லாமினேட் பலகையின் நடுப்பகுதி, மரநாரைப் பிசினுடன் கலந்து அழுத்திய அடர்த்தியான அட்டையாகும். அதன்மேல் மர வரிகள் அச்சிட்ட தாளும், தேய்மானத்தைத் தாங்கும் மெலமைன் பிசின் பூச்சும் அமைகின்றன. 1977இல் சுவீடனின் பெர்ஸ்டோர்ப் நிறுவனம் இதை உருவாக்கியது. தக்கையோ, போர்த்துக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்தெடுக்கப்படும் அப்பட்டையின் நுண்ணறைகளில் காற்று அடைபட்டிருப்பதால், வெப்பம் அதனூடே எளிதில் கடப்பதில்லை. குளிருக்கு இவ்விரண்டில் தக்கையே மேல்.

ஆயினும் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் தரையின் பெரும்பகை குளிரன்று, ஈரமே. தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹற்றன் பகுதியில் பின்சுவரை ஒட்டிய மண்மேட்டிலிருந்து கசியும் நீர், சீமெந்தினூடே ஆவியாக மேலேறி, லாமினேட்டின் நாரட்டையை விளிம்புகளில் உப்பச் செய்கிறது. உப்பிய அட்டை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே ஒரு மீற்றர் சதுரப் பொலித்தீனைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி, ஒருநாள் முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் நீர்முத்துக்கள் அரும்பினாலோ, சீமெந்து கறுத்தாலோ, முதல் வேலை வீட்டின் பின்புறத்தில் கான் வெட்டி நீரைத் திருப்புவதுதான். அதைச் செய்யத் தெரியாத தோட்டத் தொழிலாளி இல்லை.

தரை உலர்ந்து மட்டமான பின், ஈரத்தடைப் பொலித்தீனையும் மெத்தென்ற அடிவிரிப்பையும் பரப்பி, இரண்டு நாள் அறையிலேயே வைத்துப் பழக்கிய பலகைகளின் நாக்கை அடுத்ததன் காடியில் சாய்வாகச் செருகி அழுத்தினால் அவை பூட்டிக்கொள்ளும். பலகைகள் ஈரக்காற்றில் விரிவதால் சுவரோரம் எங்கும் 8 முதல் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மறைக்க வேண்டும். தக்கை வில்லைகளைப் பசையால் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசுவது வழக்கம்.

பழுது பார்ப்பதிலும் தக்கையே எளியது: சிறு குழியை, தக்கைத் தூளை வார்னிஷுடன் குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, மீண்டும் பூசினால் வடு தெரியாது. லாமினேட்டில் கீறலை மெழுகால் நிரப்பலாம். உப்பிய பலகையை மாற்றியே ஆக வேண்டும். அது சுவரருகே இருந்தால் அதுவரை வரிசைகளைக் கழற்றலாம். நடு அறையில் இருந்தால் அறுத்தெடுத்து, புதியதன் அடிப்பூட்டைச் செதுக்கி, பசையிட்டுப் பொருத்த வேண்டும். ஆகவே பலகை வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

ஈரம் அடங்காத லயன் காம்பராவுக்கு இவ்விரண்டுமே பொருந்தா. அங்கே பணம் முதலில் கானுக்கும் சீமெந்துக்குமே செல்ல வேண்டும்.