அருகிலிருந்து காக்கும் உத்தியோகம்

அமெரிக்க நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றின் மாணவர் விடுதியில், தேர்வுக் காலத்து இரவொன்றில், மூன்று நாட்களாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வராமலும் ஒருவரோடும் பேசாமலும் முடங்கிக் கிடந்த மாணவன் ஒருவன், இனித் தன்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்று அறைத்தோழனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறைத்தோழனுக்கும் வயது பத்தொன்பதுதான்; வீட்டைப் பிரிந்து வந்து அவனுக்கும் சில மாதங்களே ஆகியிருக்கின்றன. அவன் யாரை அழைப்பது? நெடுங்காலம் இந்தக் கேள்விக்கு அந்நாட்டில் பெரும்பாலும் ஒரே விடைதான் இருந்தது. 911 என்ற எண்ணைச் சுழற்ற வேண்டும். சுழற்றினால், இடுப்பில் துப்பாக்கியும் கைவிலங்கும் தரித்த காவலர் வருவார்.

வருகிறவர் கருணையுள்ளவராகவே இருக்கலாம். பலர் அப்படி இருந்தும் இருக்கிறார்கள். ஆயினும், குற்றம் நிகழ்ந்த இடத்துக்கு விரைந்து சென்று, நிலைமையைத் தம் வசப்படுத்தி, கூடிய சீக்கிரம் முடித்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் புறப்படவேண்டும் என்றே பயின்ற ஒருவரை, வாழ்வதா வேண்டாமா என்று தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் அறைக்குள் அனுப்புவது, நோக்கம் எவ்வளவு நல்லதானாலும், பொருந்தாத காரியம். சீருடையைக் கண்டதும் தான் செய்த குற்றம் என்ன என்று அவன் திகைத்துப் போகிறான். விடுதி ஜன்னல்கள் தோறும் முகங்கள் பார்த்திருக்க, காவல் வண்டியின் பின் இருக்கையில் ஏற்றப்பட்டு மருத்துவமனைக்குப் போனவன், அடுத்த முறை எவ்வளவு துயருற்றாலும் வாய் திறப்பானா? வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015 முதல் தொகுத்துவந்த பதிவுகளின்படி, அந்நாட்டில் காவலரின் துப்பாக்கிக்கு இரையானோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநோயால் வருந்தியவர். இதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கும் அறைத்தோழன் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு மறுபடியும் கீழே வைத்துவிட்டால் அவனைக் குறை சொல்வதற்கில்லை.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடிய முயற்சிகள் இரண்டு வழிகளில் சென்றன. 1987-இல் டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரில், மனநோயுற்ற ஓர் இளைஞரின் தாய் உதவி வேண்டி அழைக்க, வந்த காவலர்களின் துப்பாக்கிக்கு அந்த மகனே பலியானார். ஊர் கொதித்தெழுந்தது, மறு வருஷமே, காவலர்களில் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்து மனநோயைப் பற்றி 40 மணி நேரப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு அங்கே தோன்றி, பின்னர் நாடெங்கும் பரவிற்று. மற்றொரு வழி, காவலரே இல்லாமல் போவது. ஆரிகன் சர்வகலாசாலை இருக்கும் யூஜீன் நகரில் 1989-இல் ஒயிட் பேர்ட் என்னும் இலவச வைத்திய நிலையம் ஆரம்பித்த 'கஹூட்ஸ்' என்ற ஊர்திச் சேவைதான் அதற்கு முன்னோடி. ஒரு வேன், அதில் முதலுதவி வைத்தியம் தெரிந்த ஒருவர், நெருக்கடி ஆலோசனையில் தேர்ந்த ஒருவர், ஆயுதம் கிடையாது, சாதாரண உடை. இவ்வளவுதான் அதன் சாதனங்கள். முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்கு அப்பால் யாரும் அறியாமலே நடந்துவந்த இந்தச் சேவையை, 2020-ஆம் ஆண்டு காவல்துறையின் போக்கைக் கண்டித்து நாடு முழுவதும் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகுதான் பல நகரங்கள் திரும்பிப் பார்த்தன. டென்வர் நகரம் அந்த ஆண்டு ஜூன் மாதமே இதே மாதிரியான வேனை வீதிக்கு அனுப்பியது.

சர்வகலாசாலைகளும் அதன் பிறகே விழித்துக்கொண்டன. கலிபோர்னியா சர்வகலாசாலை 2021-இல் வெளியிட்ட பாதுகாப்புத் திட்டம், எல்லா அழைப்புக்கும் ஆயுதம் தாங்கியவரே செல்ல வேண்டும் என்ற வழக்கத்தைக் கைவிட்டு, அழைப்பின் தன்மைக்கு ஏற்ற ஆளை அனுப்ப வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. அதன் சாண்டா குரூஸ் வளாகம் மனநலப் பணியாளர்களைக் கொண்டே ஒரு நடமாடும் குழுவை அமைத்துக்கொண்டது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் குழுவிலோ, மனநல நிபுணர் ஒருவரும் பிரத்தியேகப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் இணைந்து செல்கிறார்கள். 2022 ஜூலை 16 முதல் நாடு முழுவதற்கும் 988 என்ற மூன்றிலக்க எண் வந்தது. பேசுவதற்கு ஒரு குரல் அதனால் கிடைத்தது. அறைக்கு வந்து சேரும் ஆள் வேண்டுமானால் அந்தந்த ஊரும் வளாகமும்தான் ஏற்பாடு செய்யவேண்டும்.

வந்து சேர்ந்த பின் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இந்த உத்தியோகத்தின் ஜீவநாடி. அறைக்குள் நுழையுமுன் அழைத்தவரிடம் நிதானமாக விசாரித்துக்கொள்கிறார்கள்: கடைசியாக எப்போது பேசினான், என்ன சொன்னான், மருந்து ஏதேனும் சாப்பிடுகிறானா, அறையில் ஆபத்தான பொருள் எதுவும் உண்டா. பிறகு கதவைத் தட்டி, தம் பெயரையும், தாம் காவலர் அல்லர் என்பதையும், யார் எதற்காகக் கவலைப்பட்டு அழைத்தார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லி, உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்கிறார்கள். அனுமதி கேட்பது வெறும் மரியாதைக்காக அன்று. தன் வாழ்க்கையில் எதுவுமே தன் கையில் இல்லை என்று நினைத்து ஒடுங்கிப் போனவனுக்கு, 'வரலாம்', 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் ஒன்றையாவது முதலிலேயே திருப்பிக் கொடுத்துவிடும் செயல் அது. உள்ளே சென்றபின் நின்றுகொண்டு பேசுவதில்லை. அவன் தரையில் உட்கார்ந்திருந்தால் இவர்களும் தரையில் உட்காருகிறார்கள். கதவுக்கும் அவனுக்கும் குறுக்கே உட்காருவதுமில்லை. சிறைப்பட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவனுக்கு வந்துவிடலாகாது. கடைசியாக எப்போது சாப்பிட்டாய், எப்போது தூங்கினாய் என்று கேட்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். அவன் அழுதால் அழவிடுகிறார்கள். பேசாதிருந்தால் அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படுவதில்லை.

ஆனால் ஒரு கேள்வியைச் சுற்றிவளைக்காமல் நேராகவே கேட்பார்கள்: 'உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வந்திருக்கிறதா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே ஊட்டியது போலாகிவிடுமே என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அந்த அச்சம் ஆதாரமற்றது என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்கப்பட்டவன் பெரும்பாலும் பெருமூச்செறிகிறான். சொல்லத் தகாதது என்று நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை வேறொருவர் சாதாரணமாக உச்சரித்துவிட்டதால் அவனுக்குள் ஒரு கட்டு அவிழ்கிறது. கொலம்பியா சர்வகலாசாலையில் உருவான ஆறு கேள்விகள் கொண்ட ஒரு வரிசை இதற்கென்றே வழக்கத்தில் இருக்கிறது. வெறும் எண்ணமா, திட்டமும் உண்டா, முன்னர் முயன்றதுண்டா என்று படிப்படியாகச் சென்று அபாயத்தின் அளவைக் காண அது உதவுகிறது.

இந்த வேலைக்கு அஸ்திவாரமான ஓர் உண்மையைக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்துப் பேராசிரியர் ரிச்சர்டு சைடன் 1978-இல் வெளியிட்டார். 1937 முதல் 1971 வரை சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில், கடைசித் தறுவாயில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை அவர் தேடிப் பார்த்தார். தடுத்தால் வேறிடம் தேடிப் போய்விடுவார்கள் என்பதே அன்றைய பொது அபிப்பிராயம். ஆனால் அவர்களில் நூற்றுக்கு 94 பேர் உயிரோடிருந்தார்கள், அல்லது இயற்கையாகவே மரித்திருந்தார்கள். தற்கொலை நினைவு எவ்வளவு உக்கிரமானதாயினும் அது கோடை மழையைப் போல் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடக்கூடியது. அது ஓயும்வரை ஒருவர் உடன் இருந்துவிட்டால், பெரும்பாலும் ஓர் ஆயுள் பிழைத்துவிடும். ஆகவே, காவல் வண்டி எத்தனை நிமிஷத்தில் வந்தது என்று கணக்குப் பார்ப்பது போல இந்தப் பணியைக் கணக்குப் பார்க்க முடியாது. வந்தவர் எவ்வளவு நேரம் தங்க முடிந்தது என்பதுதான் இங்கே அளவுகோல். அவகாசமே இவர்கள் கொண்டு வரும் மருந்து என்பது என் துணிபு.

புயல் சற்றுத் தணிந்ததும், அவனோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தில் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறார்கள். பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியல் அறிஞர்கள் வகுத்த முறை அது. நெருக்கடி வரப்போகிறது என்பதை அறிவிக்கும் குறிகள், தானே செய்யக்கூடிய ஆறுதல்கள், மனத்தை வேறுபக்கம் திருப்பும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கத்தக்க உறவினர் நண்பர், வைத்தியரும் அவசர எண்களும், கடைசியாக, ஆபத்தான பொருள்களைக் கைக்கெட்டாத தூரத்துக்கு அகற்றிவிடுவது — எல்லாம் அவன் சொற்களிலேயே, முடிந்தால் அவன் கையெழுத்திலேயே இருக்கவேண்டும். நிபுணர் எழுதிக் கொடுத்தால் அது மற்றொரு மருந்துச் சீட்டாகிவிடும். பெரும்பாலான சந்திப்புகள் இவ்விதமே அறைக்குள்ளேயே முடிந்து, மறுநாள் ஆலோசனை நிலையத்தில் நேரம் குறிப்பதோடும், ஓரிரு நாட்களில் மறுபடி ஒரு தொலைபேசி விசாரிப்போடும் தொடர்கின்றன.

அழைப்புகள் எல்லாம் தற்கொலை பற்றியவையும் அல்ல. மாரடைப்பு என்று நினைத்து நடுங்கும் மாணவிக்கு வந்திருப்பது திடீர்ப் பீதித் தாக்குதலாக இருக்கும். ஊரிலிருந்து மரணச் செய்தி வந்து, விமானச் சீட்டுக்கு வழியில்லாமல் தவிப்பவன் இருப்பான். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று விளக்கை அணைக்க மறுப்பவனும் இருப்பான். இந்தக் கடைசி வகையைப் பணியாளர்கள் மிகவும் கூர்ந்து கவனிக்கிறார்கள். ஏனெனில் தீவிர மனநோய்கள் முதன்முதலாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும்தான், அதாவது சரியாகக் கல்லூரி வயதில்தான்.

பலவந்தமாகவேனும் மருத்துவமனைக்கு அனுப்பியே தீரவேண்டிய இரவுகளும் உண்டு. கலிபோர்னியாவில் 5150 என்ற சட்டப்பிரிவு, தனக்கோ பிறருக்கோ அபாயமாகிவிட்டவரை 72 மணி நேரம் வரை மருத்துவமனையில் தடுத்துவைத்துப் பரிசீலிக்க அனுமதி தருகிறது. காவலர்களுக்கும், அந்தந்த மாவட்டம் அங்கீகரித்த மனநல அலுவலர்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு. அதைப் பயன்படுத்தினால் மாணவனின் நம்பிக்கை போகலாம். பயன்படுத்தாவிட்டால் உயிரே போகலாம். இந்த இக்கட்டுக்குப் பெர்க்லி வளாகத்திலேயே ஒரு கொடிய முன்னுதாரணம் இருக்கிறது. 1969-இல், இந்தியாவிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவன், தன் காதலை ஏற்காத பெண்ணைக் கொல்லப்போவதாக வளாகத்து உளவியல் மருத்துவரிடம் சொன்னான். அவர் வளாகக் காவலருக்கு எழுதினார். காவலர் அவனைப் பிடித்து விசாரித்து, தெளிவாகப் பேசுகிறானே என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ அவள் குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை. அக்டோபர் மாதம் டட்டியானா டாரசாஃப் கொலையுண்டாள். அவள் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பிறர் உயிருக்கு அபாயம் என்று காணும்போது அந்தரங்கத்தைக் காப்பதைவிட அந்த உயிரைக் காப்பதே சிகிச்சையாளரின் கடமை என்று தீர்ப்பளித்தது. தெளிவாகப் பேசுவது வேறு, அபாயம் நீங்கியிருப்பது வேறு என்று பிரித்தறிவதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். நடமாடும் குழுவில் சமூகப் பணியிலோ உளவியலிலோ தேர்ந்தவர்களை வைப்பதன் நியாயம் இங்கே விளங்கும்.

இந்தப் பணியாளர்களின் சிரமத்தையும் சொல்லாமல் விட முடியாது. மாலையிலும் நள்ளிரவிலும்தான் துயரம் மிகுகிறது. ஆகவே வேலை நேரமும் அதுவே. ஓர் அறையில் மூன்று மணி நேரம் தன் மனத்தையெல்லாம் ஒருமுகப்படுத்தி இருந்தவர், அந்த மாணவன் பிறகு பட்டம் பெற்றானா என்பதைப் பெரும்பாலும் அறியவே மாட்டார். பணமோ எங்கும் பற்றாக்குறை. எல்லாருக்கும் வழிகாட்டிய கஹூட்ஸ் சேவையே 2025 ஏப்ரலில் யூஜீன் நகரில் நிதி நெருக்கடியால் நின்றுபோயிற்று. முப்பத்தைந்து ஆண்டு அநுபவத்தை ஒரு நகரம் இவ்வளவு எளிதில் கைநழுவ விட்டதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சில வளாகங்களில் குழு இரவு முழுவதும் பணியில் இருப்பதில்லை. அந்த நேரத்தில் பழையபடி காவலரே வருகிறார்.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறெந்த நாட்டிலிருந்தும் அவ்வளவு பேர் அங்கே படிக்கவில்லை. நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் அடக்கம். கலிபோர்னியாவில் இரவு பதினொரு மணி என்றால் இங்கே மறுநாள் நண்பகலை ஒட்டிய நேரம். கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை போனை எடுக்கவில்லை என்று மதுரையிலோ சேலத்திலோ ஒரு தாய் தவித்துக்கொண்டிருக்கிறாள். 988 எண் அமெரிக்காவுக்குள்ளிருந்து அழைப்பவர்களுக்கானது. இங்கிருந்து அதை நம்பியிருப்பதில் பயனில்லை. (இங்குள்ளவர்களுக்கே மனத்துயர் என்றால், அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.) அங்குள்ள பிள்ளைக்காக அழைப்பவர், அந்தச் சர்வகலாசாலையின் பாதுகாப்பு அலுவலகத்தையோ மாணவர் நல அலுவலகத்தையோ முழு எண்ணோடு கூப்பிட்டு, பிள்ளையின் நலம் அறிய ஆள் அனுப்பும்படி கேட்கலாம், காவலரின்றி மனநலப் பணியாளர் வரும் ஏற்பாடு உண்டா என்றும் தயங்காமல் கேட்கலாம். விடுதியின் பெயர், அறை எண், கடைசியாகப் பேசிய நாள், சொன்ன வார்த்தை, சாப்பிடும் மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

அவர்கள் போய்ப் பார்த்தபின், என்ன நடந்தது என்று முழுவதும் சொல்ல மறுக்கலாம். அது அலட்சியம் அன்று. அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் கல்விப் பதிவுகள் மேல் பாத்தியதை பிள்ளைக்கே உரியது. ஆலோசகரிடம் பேசியதும் அந்தரங்கமே. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் பெற்றோருக்குத் தெரிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. மற்றச் சமயங்களில் பொதுவாகப் பிள்ளையின் சம்மதம் தேவை. அந்தச் சம்மதப் பத்திரத்தை நெருக்கடி வந்த பிறகு தேடாமல், விமானம் ஏறுமுன்பே வீட்டில் கலந்து பேசி, போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளை தன் விருப்பத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்துவிடும்படி செய்துகொள்ளலாம்.